அலாரம் அடிக்கிறது, வேலை நடக்கவில்லை: ஏடிஎச்டி உள்ளவர்கள் நினைவூட்டலை எப்படி அமைத்துக்கொள்வது?

நீங்கள் எழுதியதன் சாரம் இது. வயது முப்பதை நெருங்குகிறது. ஏடிஎச்டி (கவனத்தையும் செயல்களையும் ஒழுங்குபடுத்துவதைக் கடினமாக்கும் குறைபாடு) என்று மருத்துவர் உறுதிசெய்து ஓராண்டு ஆகிறது, மாத்திரையும் எடுக்கிறீர்கள். போனில் ஒரு நாளைக்குப் பதினைந்து அலாரம். ஒவ்வொன்றும் அடிக்கிறது, அணைக்கிறீர்கள், வேலை அப்படியே கிடக்கிறது. செயலிகள் பலவற்றை இறக்கிப் பார்த்தும் எதுவும் இரண்டு வாரத்தைத் தாண்டவில்லை. "அக்கறை இருந்தால் மறக்குமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இதற்கு நல்ல செயலி ஏதாவது உண்டா, இல்லை என்னிடம்தான் கோளாறா என்பது உங்கள் கேள்வி.

அக்கறை இல்லாத எவரும் பதினைந்து அலாரம் வைக்க மாட்டார்கள். அந்த விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். என்ன செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும், எப்போது என்பதும் தெரியும். மணி அடிப்பதற்கும் உங்கள் கை அந்த வேலையைத் தொடுவதற்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அங்கேதான் எல்லாம் நழுவுகிறது. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களோடு பல காலமாக வேலை செய்வதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். அலாரத்தைக் கூட்டுவதால் அந்த இடைவெளி சுருங்குவதில்லை.

காலை எட்டு மணி மாத்திரை அலாரத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள், போன் மேசைமேல். மணி அடிக்கிறது. ஈரக் கையோடு போய்ச் சுண்டுவிரலால் அணைக்கிறீர்கள். மாத்திரை படுக்கையறை அலமாரியில். "இந்த ரெண்டு தட்டை முடிச்சிட்டுப் போட்டுக்கலாம்" என்று நினைக்கும்போதே திரையில் ஒரு செய்தி தெரிகிறது. கையைத் துடைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதுகிறீர்கள். அதில் யாரோ ஒரு தேதி கேட்டிருக்கிறார்கள், அதற்காகக் காலண்டரைத் திறக்கிறீர்கள். குழாய் ஓடுவது காதில் விழுந்ததும் ஓடிப்போய் மூடுகிறீர்கள், மிச்சப் பாத்திரத்தைக் கழுவி முடிக்கிறீர்கள். மாத்திரை மனதைவிட்டே போய்விட்டது. பதினொரு மணிக்கு அது திடீரென ஞாபகம் வரும்போது இன்னொரு சிக்கல்: போட்டோமா, போடவில்லையா?

இதில் சோம்பல் எங்கேயும் இல்லை. மனித மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் ஏறக்குறைய நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். அது எல்லோருக்கும் பொருந்தும் அளவு. ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருக்கு அந்த நான்கும் சீக்கிரம் கலைந்துவிடும். "இப்போ இல்லை, இதோ ஒரு நிமிஷத்தில்" என்று தள்ளிவைத்த எண்ணத்தை அடுத்து வரும் எதுவும் தள்ளிவிட்டுவிடும். ஆக, "ஞாபகம் வைத்துக்கொண்டு அப்புறம் செய்கிறேன்" என்ற அந்த ஒரு நிமிஷத்தை முடிந்தவரை இல்லாமல் ஆக்குவதுதான் நம் வேலை. நான் சொல்லப்போகும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இனிமேல் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பது இரண்டு வகை என்று ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற இரு உளவியலாளர்கள் 1990-இல் பிரித்துக் காட்டினார்கள் (இந்த ஐன்ஸ்டைன் கில்ஸ் ஐன்ஸ்டைன், இயற்பியலாளர் அல்ல). ஒன்று நேரத்தை ஒட்டியது: "எட்டு மணிக்கு மாத்திரை". மற்றது நிகழ்வை ஒட்டியது: "பல் தேய்த்ததும் மாத்திரை". முதல் வகையில் நீங்களேதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவதில் கண்முன் இருக்கும் பொருளே ஞாபகப்படுத்திவிடும். ஏடிஎச்டி உள்ளவர்கள் அதிகம் தடுமாறுவது முதல் வகையில். நீங்களோ பதினைந்தையும் முதல் வகையில் வைத்திருக்கிறீர்கள்!

அதனால் அலாரப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதைக் கடிகாரத்திலிருந்து எடுத்து, தினமும் தானாக நடக்கும் ஒரு செயலோடு கட்ட முடியுமா? மாத்திரையை முடியும். பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வார டப்பா, பக்கத்திலேயே ஒரு குவளைத் தண்ணீர். (வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில், ஆனால் உங்கள் கண்ணில் படும்படி.) ஏழு கிழமைக்கும் தனித்தனி அறை உள்ள டப்பாவாக வாங்குங்கள். "போட்டோமா" என்ற சந்தேகத்துக்கு அதுவே பதில் சொல்லும்: செவ்வாய்க்கிழமை அறை காலி என்றால் போட்டாயிற்று. சந்தேகத்தில் இரண்டாவது முறை போட்டுவிடும் ஆபத்தும் இதனால் போகும். காலையில் தவறிய மாத்திரையை எத்தனை மணி வரை போடலாம் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு, டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஏடிஎச்டிக்குத் தரப்படும் ஊக்க மருந்துகளில் நீண்ட நேரம் வேலை செய்பவற்றைத் தாமதமாகப் போட்டால் இரவுத் தூக்கம் கெடலாம். பதினொரு மணிக்கு நின்று யோசிக்கும் விஷயம் இல்லை அது.

வேலை நடக்கும் இடத்திலேயே நினைவூட்டல் இருக்க வேண்டும் என்பதை ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக வலியுறுத்திவருகிறார். ஏடிஎச்டி ஆய்வில் பெரிய பெயர் அவர். தெரிந்ததைச் செய்ய வேண்டிய நொடியில் செய்ய முடியாமல் போவதுதான் இந்தக் குறைபாட்டின் மையம், எனவே உதவியும் அந்த நொடியில், அந்த இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் சொன்னவற்றில் அன்றாட வாழ்க்கைக்கு மிகவும் பயன்படுவது இதுதான் என்பேன். நாளைக்கு எடுத்துப்போக வேண்டிய ஃபைலைப் பற்றிப் போனில் எழுதி வைக்காதீர்கள், ஃபைலையே வாசல் கதவின் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் ஏதோவொன்றை எடுத்துப்போக வேண்டுமென்றால் வண்டிச் சாவியை அதன்மேல் வையுங்கள். கடிதம் தபாலில் போக வேண்டுமா, செருப்புக்குள் செருகிவிடுங்கள். பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். இருக்கட்டும், கடிதம் போய்விடும்.

ஆனால் ஒட்டும் சீட்டுகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே இடத்தில் ஒரு வாரம் இருந்த சீட்டு சுவரோடு சுவராகிவிடும், கண் அதைத் தாண்டிப் போகும். கதவில் ஒரே நேரத்தில் ஒரு சீட்டு போதும், அன்றைக்கு உரியது மட்டும், முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

அடுத்து, அலாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "வங்கி", "அம்மா", "ரிப்போர்ட்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எழுதியபோது முழு விஷயமும் மனதில் இருந்தது. மணி அடிக்கும்போது இருக்காது. "ரிப்போர்ட்" என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, யோசிப்பதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது, விரல் தானாக அணைக்கும் பொத்தானுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக உடம்பு செய்யக்கூடிய முதல் அசைவை எழுதுங்கள்: "லேப்டாப்பைத் திற, போன மாத ரிப்போர்ட்டைப் பிரதி எடு, தேதியை மாற்று." இதில் கடைசி வரி வரைக்கும் போக வேண்டியதில்லை. லேப்டாப் திறந்தால் அந்த நினைவூட்டல் தன் வேலையைச் செய்துவிட்டது.

இதையே கொஞ்சம் முறையாக, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற அமைப்பில் முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவந்தார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே "செய்ய வேண்டும்" என்று நினைத்தவர்களைவிட இப்படித் திட்டமிட்டவர்கள் தெளிவாகக் கூடுதலாகச் செய்து முடித்திருந்தார்கள். "தினமும் கணக்கு எழுத வேண்டும்" என்பது ஆசை. "இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், நின்றபடியே இன்றைய செலவை எழுதுவேன்" என்பதில் இடம், பொருள், முதல் அசைவு மூன்றும் இருக்கின்றன.

சரி, கடிகாரத்தோடுதான் கட்ட வேண்டியவை சில மிஞ்சும்: மருத்துவர் சந்திப்பு, கூட்டம், ரயில். அவற்றுக்கு மட்டும் அலாரம் வையுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் போனால் எதை எடுப்பது என்று மறுபடி பாருங்கள். அடிக்கடி கேட்கும், பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒலியைச் செவி புறக்கணிக்கக் கற்றுக்கொள்ளும். மருத்துவமனைகளில் கருவிகளின் எச்சரிக்கை ஒலிக்கே பயிற்சி பெற்ற செவிலியர்கள் பழகிப்போகிறார்கள், அது அங்கே தீவிரமான பாதுகாப்புப் பிரச்சினை. பதினைந்து அலாரம் இருந்தால் பதினாறாவதும் இரைச்சல்தான்.

மிச்சமிருக்கும் அலாரங்களுக்கு ஒரே ஒரு விதி: கை வேலைமேல் இருந்தால் மட்டுமே அணைக்கலாம். இப்போது முடியாதென்றால் அணைக்காமல் நேரத்தைத் தள்ளி வையுங்கள். பத்து நிமிஷமோ, மாலை ஆறு மணியோ, உண்மையிலேயே செய்யக்கூடிய நேரத்துக்கு. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அணைத்தால் அந்த வேலை எங்கேயும் பதிவில் இல்லாமல் போய்விடுகிறது. தள்ளி வைத்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே அலாரத்தைத் தொடர்ந்து சில முறை தள்ளினீர்கள் என்றால் அது தவறான நேரத்தில் இருக்கிறது, அல்லது எழுதியிருக்கும் முதல் அசைவு இன்னும் பெரியது. இரண்டில் ஒன்றைத் திருத்துங்கள்.

வெளியே கிளம்புவதற்கு ஒரு அலாரம் போதாது, இரண்டு வேண்டும். பத்து மணிக்குச் சந்திப்பு என்றால் பெரும்பாலானோர் பத்து மணிக்கோ ஒன்பதரைக்கோதான் வைக்கிறார்கள். பயணம் நாற்பது நிமிஷம் என்றால், வாசலைத் தாண்ட வேண்டியது ஒன்பது இருபதுக்கு. அதற்கு முன் குளித்து, உடை மாற்றி, சாவி தேட வேண்டும். எனவே முதல் அலாரம் எட்டரைக்கு, "கையில் இருப்பதை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போ". இரண்டாவது ஒன்பது பதினைந்துக்கு, "செருப்பைப் போடு". நேரத்தைக் குறைத்துக் கணிப்பது ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு மட்டுமான பழக்கமில்லை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வறிக்கையை முடிக்க சராசரியாக ஏறக்குறைய 34 நாள் ஆகும் என்று சொன்னார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். ஏடிஎச்டி இருந்தால் இந்தப் பிசகு இன்னும் கூடும், ஏனென்றால் நேரம் ஓடுவதே உள்ளுக்குள் சரியாக உறைப்பதில்லை. அதற்கு முள் கடிகாரம் உதவும். எண் கடிகாரம் இப்போது மணி என்ன என்று மட்டும் சொல்லும். முள் கடிகாரத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைக் கண் அளந்துவிடும். குளியலறையில் ஒன்று, வேலை மேசையில் ஒன்று வையுங்கள்.

பட்டியலைப் பற்றிச் சுருக்கமாக. மனதில் வருவதையெல்லாம் கொட்ட ஒரே ஒரு இடம் வேண்டும், அது ஒரு நோட்டுப் புத்தகமோ போனில் ஒரு பக்கமோ எதுவானாலும் சரி. அது எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை, அதைப் பார்த்து வேலை செய்யப்போவதில்லை. காலையில் அதிலிருந்து மூன்றை மட்டும் எடுத்து ஒரு தனிச் சீட்டில் எழுதுங்கள். நாள் முழுக்க அந்தச் சீட்டுதான் கண்முன். ஐம்பது வரிப் பட்டியலைப் பார்த்து உடல் உறைந்து உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும்.

இப்போது இதைவிடக் கடினமான இடத்துக்கு வருகிறேன். நினைவூட்டல் சரியாக அடித்தது, இடம் சரி, சொற்கள் சரி, வேலை எதிரே இருக்கிறது, இருந்தும் தொடங்க முடியவில்லை. இது மறதி இல்லை, வேறு பிரச்சினை, இதற்கு எந்த நினைவூட்டலும் மருந்தில்லை. மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வில், அதுவரை மருந்தே எடுக்காத ஏடிஎச்டி உள்ள பெரியவர்களின் மூளையில், பலனை எதிர்பார்த்து முனைப்பு கொள்ளும் பகுதிகளில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த குறியீடுகள் குறைவாக இருந்தன. தொலைவில் இருக்கும் பலன் அவர்களை இழுப்பதில்லை. ஆர்வம், புதுமை, அவசரம் ஆகியவை இழுக்கின்றன. கடைசி நாள் இரவில் மலைபோல் வேலை செய்ய முடிகிற அதே ஆள் ஒரு மாதமாக அந்தப் பக்கமே போகாதது அதனால்தான்.

இங்கே எனக்குத் தெரிந்து நன்றாகப் பலன் தருவது, பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது. அவர் உதவ வேண்டியதில்லை, பேசவும் வேண்டாம், தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தால் போதும். வீடியோ அழைப்பில் இருந்தாலும் சரி. "ஏழு மணியிலிருந்து ஏழரை வரை நான் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதப்போகிறேன், நீ உன் வேலையைப் பாரு, முடிவில் ரெண்டு பேரும் என்ன முடித்தோம் என்று சொல்லிக்கொள்வோம்" என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். யாரும் கிடைக்காவிட்டால் டைமரைப் பத்து நிமிஷத்துக்கு வைத்து, அது அடித்ததும் நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு என்று நிஜமாகவே ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். 25 நிமிஷ வேலை, 5 நிமிஷ ஓய்வு என்ற பொமோடோரோ முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். சிலருக்குப் பொருந்தும். ஆனால் சிரமப்பட்டு வேலைக்குள் மூழ்கிய ஒருவரை 25-ஆவது நிமிஷத்தில் வெளியே இழுத்தால் திரும்ப உள்ளே போவது பெரும்பாடு. மூழ்கிவிட்டீர்கள் என்றால் இடைவேளை அலாரத்தை விட்டுவிடுங்கள். சாப்பாடு, மாத்திரை, கிளம்பும் நேரம் ஆகியவற்றின் அலாரங்களை விடாதீர்கள்.

செயலிகள் இரண்டு வாரத்தில் கைவிடப்படுவதும் இதே காரணத்தால்தான். புதிதாக இருக்கும் வரை புதுமையே உங்களை இழுத்தது. அது தீர்ந்ததும் செயலி தன் சொந்தப் பலத்தில் நிற்க வேண்டும், பெரும்பாலானவை நிற்பதில்லை. எந்த ஏற்பாடும் ஒருநாள் விட்டுப்போகும் என்று எடுத்துக்கொண்டு, திரும்பத் தொடங்குவதை எளிதாக்கி வைப்பதே புத்திசாலித்தனம். மூன்று வாரம் தொடாமல் விட்ட பட்டியலை "சரிசெய்ய" உட்காராதீர்கள், தேதி தாண்டிய சிவப்பு வரிகளைப் பார்த்ததுமே மூடத் தோன்றும். ஒரு புதுப் பக்கத்தைத் திருப்புங்கள், மூன்று வரி எழுதுங்கள், அவ்வளவுதான். பழையதில் உண்மையிலேயே முக்கியமானது தானே திரும்பி வரும். அவ்வப்போது அலாரத்தின் ஒலியையும், நோட்டின் இடத்தையும், பேனாவின் நிறத்தையும் மாற்றுங்கள். அற்பமாகத் தெரிந்தாலும் கண்ணும் காதும் மறுபடி கவனிக்கத் தொடங்கும்.

"21 நாளில் பழக்கம் படிந்துவிடும்" என்பதையும் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியின் குழு பொதுவான ஆட்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானியங்கிப் பழக்கமாக 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆனது, நடுமதிப்பு 66 நாள். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நினைப்பவர்கள் அடுத்த நாளும் விடுகிறார்கள். நீங்கள் அப்படி நினைக்க வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றி. அவர்கள் வாயால் ஞாபகப்படுத்துவது நாளடைவில் இருவருக்கும் கசந்துபோகும், சொல்பவர் காவலாளியாகவும் கேட்பவர் குற்றவாளியாகவும் ஆகிவிடுவார்கள். "மறந்துட்டியா?" என்ற கேள்வியையே இருவரும் சேர்ந்து விலக்கிவிடுங்கள். பதிலாக, ஏதாவது வேலை உங்களுக்கு உண்டென்றால் பேச்சோடு பேச்சாகச் சொல்லாமல் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். வாய்ச்சொல் காற்றில் போகும், செய்தி அலாரமாக மாறும். சில வேலைகளை முழுதாக மாற்றிக்கொள்வதும் நல்லது. தேதி தவறக்கூடாத கட்டணங்களை வங்கியே தானாகச் செலுத்தும்படி அமைத்துவிட்டு, அவர்கள் வெறுக்கும் வேறொரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைக்கவே தேவையில்லாமல் ஆன வேலையைவிட நன்றாக நினைவூட்டப்பட்ட வேலை எதுவும் இல்லை. சார்ஜரை மூன்றாக வாங்கி மூன்று இடத்தில் செருகி வைப்பதும் இதே கணக்குதான்.

மாத்திரை எடுத்தும் இதெல்லாம் ஏன் என்று தோன்றலாம். மருந்து கவனத்துக்கும் தொடங்குவதற்கும் உதவுகிறது, பலருக்கு நிறையவே உதவுகிறது. ஆனால் காலண்டரில் எழுதிப் போடும் பழக்கத்தை அது கொண்டுவராது. உளவியலாளர் ஸ்டீவன் சாஃப்ரென் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு உங்களைப் போன்றவர்களைப் பற்றியதே: மருந்து எடுத்தும் அறிகுறிகள் மிச்சமிருந்த 86 பெரியவர்கள். காலண்டர், பட்டியல், கவனச்சிதறலைச் சமாளிப்பது போன்றவற்றைப் படிப்படியாகக் கற்பிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள், தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். உங்கள் ஊரில் அப்படிப் பயிற்சி தரும் ஆலோசகர் கிடைத்தால் போய்ப் பாருங்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டிருந்தாலோ, மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருந்தாலோ மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஏடிஎச்டியோடு இவை சேர்ந்து வருவது சாதாரணம், அவற்றைக் கவனிக்காமல் விட்டால் எந்தப் பட்டியலும் எடுபடாது.

கடைசியாக, எந்தச் செயலி என்ற கேள்வி. போனோடு வரும் கடிகாரம், காலண்டர், அப்புறம் ஒரு காகிதச் சீட்டு, இவை போதும். காசு கொடுத்து வாங்குவதென்றால் அதில் இரண்டு விஷயங்களைச் சோதியுங்கள். பூட்டிய திரையிலிருந்து ஒரு வரியை எழுதிச் சேமிக்க எத்தனை தொடுதல் ஆகிறது? இரண்டுக்கு மேல் போனால் விட்டுவிடுங்கள், எழுதி முடிப்பதற்குள் எண்ணம் கலைந்திருக்கும். அடுத்து, அணைக்காமல் நேரத்தைத் தள்ளி வைக்கும் பொத்தான் பெரிதாகக் கைக்கு எட்டும்படி இருக்கிறதா? வண்ணம், குறிச்சொல், வகைப்பாடு, மதிப்பெண் இவையெல்லாம் முதல் மாலையில் அமைத்து மகிழ்வதற்குத்தான் பயன்படும். இந்த வாரம் எதையும் இறக்க வேண்டாம். மாத்திரை டப்பாவை பிரஷ் பக்கத்தில் வையுங்கள், பதினைந்து அலாரத்தில் பத்தை நீக்குங்கள், மிச்சம் ஐந்தின் சொற்களை மாற்றி எழுதுங்கள். அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடலாம்.